அவசர கருத்தடை மாத்திரை பற்றிப் பெண்களிடம் எடுத்துச் சொல்வது எப்படி

லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் கொண்ட அவசர கருத்தடை மாத்திரையை மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே மருந்துக்கடையில் வாங்கலாம் என்ற விதி இந்தியாவில் 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில், சென்னை போன்ற பெருநகரத்திலும்கூட, பெரும்பாலான மருந்துக்கடைகள் அதை இருப்பில் வைப்பதில்லை. பெங்களூரிலோ புதுச்சேரியிலோ கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கப்படும் அதே மாத்திரைக்கு இங்கே 'நாங்கள் அதெல்லாம் வைப்பதில்லை' என்றோ, 'தடை செய்துவிட்டார்களே' என்றோ, 'டாக்டர் சீட்டு இருக்கிறதா' என்றோ பதில் வருகிறது. மாநிலத்தில் அப்படியொரு தடை இல்லை என்று மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். இருந்தும், மாத்திரை அறிமுகமான காலத்தில் பண்பாட்டின் பெயரால் எழுந்த எதிர்ப்பும், சோதனைக்கு ஆள் வருவார்களோ என்ற அச்சமும் கடைக்காரர்களை இன்றுவரை விட்டபாடில்லை.

ஆகவே, சுயஉதவிக் குழுவிலோ கல்லூரி விடுதியிலோ பணியிடத்திலோ மற்ற பெண்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல முன்வரும் ஒருவர், மாத்திரையின் பெயரைச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் பாதி வேலையைத்தான் செய்தவராவார். தன் ஊரில் அது எந்தக் கடையில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் அடுத்து எங்கே போக வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்பதைத் தேவை வருவதற்கு முன்பே பெண்கள் அறிந்திருக்குமாறு செய்வதுதான் இங்கே விழிப்புணர்வுப் பணியின் பெரும்பகுதி. இந்த வழிகாட்டி அப்படிச் சொல்ல முன்வருபவர்களுக்காக எழுதப்பட்டது. தனக்காக மட்டும் அறிந்துகொள்ள விரும்புபவர்களுக்கும் பயன்படும்.

முதலில் நீங்கள் தெளிவாகுங்கள்

எந்தக் கூட்டத்திலும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: 'இது கருவைக் கலைக்கிற மாத்திரைதானே?' இதற்குத் தயங்காமல், காரணத்தோடு பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. சூலகத்தில் இருந்து வெளிவந்த கருமுட்டையோ ஏறத்தாழ ஒரு நாள்தான் தாங்கும். உறவு கொண்ட நாளிலேயே கருத்தரிப்பு எப்போதும் நிகழ்ந்துவிடுவதில்லை என்பதும், பல வேளைகளில் விந்தணு காத்திருக்க, முட்டை பின்னால் வருகிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். லெவோநார்ஜெஸ்ட்ரல் அந்த முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது அல்லது தடுக்கிறது. விந்தணுவின் ஆயுள் முடியும்வரை முட்டை வராவிட்டால் கருத்தரிக்க வழியில்லை. முட்டை ஏற்கெனவே வெளிவந்துவிட்டால் இந்த மாத்திரையால் பயன் இல்லை. கரு உருவாகிக் கருப்பையில் பதிந்த பிறகு தெரியாமல் சாப்பிட்டாலும் அது கலையாது, அந்தக் கருவுக்கு ஊறும் நேராது.

கருக்கலைப்பு மாத்திரை என்பது முற்றிலும் வேறு. அது மிஃபெப்ரிஸ்டோன் ஒரு மாத்திரையும் மிசோப்ரோஸ்டால் நான்கு மாத்திரைகளுமாக ஒரே அட்டையில் வருவது. மருத்துவரின் சீட்டும் மேற்பார்வையும் இல்லாமல் வாங்கவோ விற்கவோ கூடாதது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்பவர்களில் கடைக்காரர்களும் உண்டு. மறுப்புக்குப் பின்னால் இருப்பது பல நேரங்களில் கெட்ட எண்ணத்தைவிட இந்தக் குழப்பம்தான் என்பது என் கருத்து. குழப்பம் எதிர்த்திசையிலும் ஆபத்தானது: அவசர மாத்திரை கேட்டவருக்குக் கருக்கலைப்பு அட்டையை எடுத்துக் கொடுத்தால் அதன் விளைவு மோசமாக இருக்கும். எனவே உங்கள் கூட்டத்துக்கு வருபவர்கள் மனத்தில் பதிய வேண்டிய அடையாளம் இது: அட்டையில் ஒரே ஒரு மாத்திரை, அதன்மேல் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. என்ற பெயர். ஐ-பில், அன்வான்டட்-72 என்பவை கடைகளில் பரவலாக அறியப்பட்ட வணிகப் பெயர்கள். அரசுத் திட்டத்தில் வருவது ஈசி பில். இலங்கையில் இருக்கும் உறவினர்கள் போஸ்டினோர் என்று சொன்னால் அவர்கள் குறிப்பிடுவதும் இதே மருந்தைத்தான்.

பப்பாளிக்காய், அன்னாசிப்பழம், எள்ளும் வெல்லமும் என்று வீட்டில் சொல்லப்படும் எதுவும் இந்த வேலையைச் செய்யாது. இதைச் சொல்லும்போது கூட்டத்தில் இருக்கும் மூத்த பெண்களை இளக்காரம் செய்வதுபோல் பேசிவிடக் கூடாது. அவர்களுக்குக் கைக்கெட்டியது அவ்வளவுதான் இருந்தது. எள்ளை நம்பிக் காத்திருக்கும் அந்த மூன்று நாள்தான் மாத்திரை வேலை செய்யும் காலம் என்று சொன்னாலே போதும், அவர்களுக்குப் புரிந்துவிடும்.

மணிக்கணக்கு

பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் ஒரு மாத்திரையை விழுங்க வேண்டும் என்பது பொது விதி. 72 மணி நேரம் இருக்கிறதே என்று மூன்றாம் நாள்வரை பொறுத்திருக்கலாம் என அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முட்டை எந்த நேரத்தில் வெளிவரும் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது என்பதால், முதல் 12 அல்லது 24 மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்வது மிகவும் நல்லது. நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் ஓரளவு பயன் மிஞ்சியிருக்கலாம், ஆனால் அதை நம்பியிருக்க முடியாது. காலையா மாலையா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதெல்லாம் பொருட்டில்லை. முன்கூட்டியே பரிசோதனையோ ஸ்கேனோ தேவையில்லை.

எந்தெந்த நிலையில் இது தேவைப்படும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: ஆணுறை கிழிந்தாலோ நழுவினாலோ, தினசரி கருத்தடை மாத்திரையைத் தொடர்ந்து சில நாள் மறந்துவிட்டாலோ, கருத்தடை ஊசி போட வேண்டிய தேதி பல வாரம் தள்ளிப்போனாலோ, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் உறவு நேர்ந்தாலோ, வன்முறைக்கு ஆளாக்கப்பட்டாலோ. திருமணமான பெண்களுக்கு இது தேவைப்படாது என்ற எண்ணம் கூட்டங்களில் அடிக்கடி தலைகாட்டும். குழந்தைகளுக்கு இடையே இடைவெளி வேண்டும் என்று நினைக்கும் மனைவிக்கும் இது அதே அளவு பொருந்துவதுதான். நடைமுறையில், பேச்சை அங்கிருந்து தொடங்கினால் அறையில் இருக்கும் இறுக்கம் விரைவில் தளரும்.

ஊரில் ஒரு பட்டியல் தயார் செய்தல்

கூட்டம் நடத்துவதற்கு முன் செய்ய வேண்டிய முக்கியமான களப்பணி இது. இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து ஊரில் உள்ள மருந்துக்கடைகளுக்கும், பக்கத்து ஊர்க் கடைகளுக்கும், 24 மணி நேரமும் திறந்திருக்கும் மருத்துவமனை மருந்தகங்களுக்கும் நேரில் சென்று, கூட்டம் குறைவாக இருக்கும் முற்பகல் வேளையில் கேட்க வேண்டும். 'லெவோநார்ஜெஸ்ட்ரல் ஒன்றரை மில்லிகிராம், அவசர கருத்தடை மாத்திரை இருக்கிறதா?' என்று மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது நல்லது. வணிகப் பெயரை மட்டும் சொன்னால் 'அது இல்லை' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடலாம். விற்பனைக்கு நிற்கும் பையனிடம் கேட்பதைவிட, உரிமத்தில் பெயர் உள்ள மருந்தாளுநரிடம் கேட்பதே பயன் தரும். இருக்கிறது என்றால் விலை (பெரும்பாலும் 100 ரூபாயை ஒட்டி இருக்கும்), கடை மூடும் நேரம், ஞாயிற்றுக்கிழமை திறப்பார்களா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று பணிவாகக் கேளுங்கள்.

அந்த 'ஏன்' என்ற கேள்வியில்தான் மாற்றத்துக்கு இடம் இருக்கிறது. தடை இருப்பதாக மருந்தாளுநர் சொன்னால், அந்த உத்தரவின் எண்ணோ தேதியோ தெரியுமா என்று கேட்கலாம். அப்படி ஒன்றை அவரால் காட்ட முடியாது. 2005 முதல் மருந்துச் சீட்டு தேவையில்லை என்பதை அவருக்கு நினைவூட்டலாம். விற்பவர் யாரும் இல்லை, அதனால் கேட்பவர் இல்லை. கேட்பவர் இல்லை, அதனால் வாங்கி வைப்பதில்லை என்ற சுழல் பல ஊர்களில் இருக்கிறது. பத்துப் பெண்கள் வெவ்வேறு நாளில் வந்து கேட்டால் கடைக்காரர் மொத்த விற்பனையாளரிடம் ஓர் அட்டையாவது வாங்கி வைக்க யோசிப்பார். வாக்குவாதம் மட்டும் வேண்டாம். இந்தக் கடைக்குத்தான் உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி நாளை இரவு ஒன்பது மணிக்கு வந்து நிற்கப்போகிறாள்.

கடைக்காரர் வயதைக் கேட்டாலும், திருமணம் ஆயிற்றா என்று கேட்டாலும், கணவரை அழைத்து வரச் சொன்னாலும், இவை எதற்கும் சட்டத்தில் இடமில்லை. பெண் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் அல்ல. கணவரோ நண்பரோ தோழியோ அவளுக்காகச் சென்று வாங்கவும் செய்யலாம். வாங்கியவுடன் அட்டையில் காலாவதித் தேதியைப் பார்த்து, ரசீது கேட்டு வாங்க வேண்டும். இணைய மருந்தகங்களை நம்பியிருப்பவர்கள், தமிழக முகவரிக்கு இந்த மாத்திரையை அனுப்ப மறுக்கும் தளங்களும் உண்டு என்பதையும், அனுப்பினாலும் வந்து சேரும்போது நேரம் கடந்திருக்கலாம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். எனவே வெளிமாநிலம் போய்வரும் வாய்ப்பு உள்ளவர்கள் முன்னதாகவே ஒன்றை வாங்கி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வீட்டில் வைத்திருப்பதில் தவறேதும் இல்லை. முன்கூட்டியே வாங்கி வைப்பது ஒழுக்கக் குறைவு என்று யாராவது சொன்னால், காய்ச்சல் வருமுன்பே பாராசிட்டமால் வாங்கி வைப்பதில் யார் குறை காண்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மாத்திரை கிடைக்காதபோது

ஒரே கடையில் மறுக்கப்பட்டதும் மனம் தளர்ந்து வீடு திரும்புகிற பெண்களுக்காகவே இந்தப் பகுதியை நீங்கள் நன்றாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

இருப்பதிலேயே மிகவும் நம்பகமான அவசர கருத்தடை, கருப்பைக்குள் பொருத்தப்படும் சிறு கருவியான காப்பர் டி. உறவு நிகழ்ந்த ஐந்து நாள்களுக்குள் பயிற்சி பெற்ற மருத்துவரோ செவிலியரோ அதைப் பொருத்தினால், கருத்தரிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். லெவோநார்ஜெஸ்ட்ரல் சாப்பிட்டவர்களிடம் அது நூற்றில் ஒன்று முதல் இரண்டு வரை இருக்கும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காப்பர் டி இலவசம். விரும்பினால் அதையே தொடர் கருத்தடையாக வைத்துக்கொள்ளலாம்: 380ஏ வகை 10 ஆண்டும், 375 வகை 5 ஆண்டும் பயன் தரும். கூட்டங்களில் இதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் மாத்திரை கிடைக்காத ஒரு மாநிலத்தில் மிகச் சிறந்த வழி அரசுக் கட்டடத்துக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது. இடுப்புக்குள் நோய்த்தொற்று இருப்பவர்களுக்கு அப்போது பொருத்தமாட்டார்கள். அதை மருத்துவர் முடிவு செய்வார்.

இரண்டாவது வழி, அரசு நிலையத்தில் அவசர மாத்திரையே இருக்கிறதா என்று கேட்பது. குடும்பநலத் திட்டத்தின் பொருள்களில் அதுவும் ஒன்று என்பதால் கிராம சுகாதார செவிலியரிடம் இருப்பு பற்றி முன்னதாகவே விசாரித்து உங்கள் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது வழி, வேறு எதுவும் கைக்கெட்டாத நிலைக்கு உரியது. மாலா-என் போன்ற தினசரி கருத்தடை மாத்திரைகள் அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைப்பவை. மாலா-டி கடைகளில் மலிவாகக் கிடைப்பது. ஒவ்வொரு ஹார்மோன் மாத்திரையிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும் எத்தினைல் எஸ்ட்ராடையால் 0.03 மில்லிகிராமும் இருக்கின்றன. 72 மணி நேரத்துக்குள் இவற்றில் நான்கும், சரியாக 12 மணி நேரம் கழித்து மேலும் நான்கும் சாப்பிடுவது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த முறை. அட்டையில் இருக்கும் 28 மாத்திரைகளில் 7 வெறும் இரும்புச்சத்து. அவற்றைச் சாப்பிட்டால் ஒரு பயனும் இல்லை என்பதால், அட்டையை நன்றாகப் பார்த்து 21 ஹார்மோன் மாத்திரைகளில் இருந்துதான் எடுக்க வேண்டும். தனி லெவோநார்ஜெஸ்ட்ரலைவிட இந்த முறையின் பலன் குறைவு, குமட்டலும் வாந்தியும் கூடுதல். ரத்தம் உறைதல், பக்கவாதம், கடுமையான ஒற்றைத் தலைவலி ஆகியவை இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. மற்றவர்களும் செவிலியரிடமோ, 104 என்ற மாநில சுகாதார உதவி எண்ணிலோ ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது.

சாப்பிட்ட பின்

விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடியும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். குமட்டல், தலைவலி, சோர்வு, மார்பகங்களில் வலி, இடையில் சிறு உதிரப்போக்கு ஆகியவை சிலருக்கு வரலாம்; ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடுத்த மாதவிடாய் சில நாள் முன்னதாகவோ பின்னதாகவோ வரலாம். எதிர்பார்த்த தேதியைத் தாண்டி ஒரு வாரம் ஆகியும் வராவிட்டால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். அடிவயிற்றில் கடும் வலி இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது வேறொன்று. முட்டை தள்ளிப்போடப்பட்டிருக்கிறதே தவிர, அது பின்னர் அதே மாதத்தில் வரக்கூடும். மாத்திரை சாப்பிட்டாயிற்று, இனி மாதம் முழுவதும் கவலையில்லை என்று இருந்துவிட்டால் அடுத்த உறவிலேயே கருத்தரித்துவிடலாம். மறுநாளில் இருந்தே ஆணுறையையோ வேறு முறையையோ பயன்படுத்த வேண்டும். ஒரு முறைக்கு மேல் சாப்பிட்டால் கருப்பை கெட்டுவிடும், பிள்ளை பிறக்காது என்பதும் உண்மையல்ல. அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் அதைவிட நம்பகமான தொடர்முறை ஒன்று வேண்டும் என்பதற்கு அது அடையாளம், அவ்வளவே. பால்வினை நோய்களில் இருந்து இது காக்காது.

பாலூட்டும் தாய்மார்கள் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாப்பிடலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களிடமும், வலிப்புக்குக் கார்பமஸெபின், ஃபெனிட்டாயின், ஃபெனோபார்பிட்டால் சாப்பிடுபவர்களிடமும் இந்த மாத்திரையின் வீரியம் குறைகிறது. உடல் எடை மிகவும் கூடுதலாக உள்ளவர்களிடமும் அப்படியே. காசநோய் மருந்து சாப்பிடும் பெண்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பதால் இந்த ஒரு வரியைக் கூட்டத்தில் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குக் காப்பர் டியே முதல் தேர்வு. அது முடியாதபோது இரண்டு மாத்திரை எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கூட்டத்தை நடத்தும் விதம்

பெரிய மண்டபமும் ஒலிபெருக்கியும் இந்தப் பேச்சுக்கு ஒத்துவராது. பதினைந்து இருபது பேர் தரையில் வட்டமாக உட்காரும் அளவு போதும். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால் மருமகள் வாய் திறக்கமாட்டாள். இளையவர்களுக்குத் தனி நேரம் வையுங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி வெற்றுத் தாளையும் பென்சிலையும் கொடுத்து, கேள்வியோ 'கேள்வி இல்லை' என்றோ எழுதி ஒரு டப்பாவில் போடச் சொன்னால் யார் கேட்டது என்று தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் செவிலியர் ஒருவர் முடிந்த பின் அரை மணி நேரம் தனியே உட்கார்ந்திருக்க ஏற்பாடு செய்யுங்கள். உண்மையான கேள்விகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

யாரையும் தன் அனுபவத்தைச் சொல்லும்படி தூண்டாதீர்கள். ஒளிப்படம் எடுக்காதீர்கள், வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கியே ஆக வேண்டும் என்று ஏதேனும் நிறுவனம் கேட்டால் கூட்டத்தின் தலைப்பைப் 'பெண்கள் உடல்நலம்' என்று பொதுவாகக் குறிப்பிடுங்கள். கையில் கொடுக்கும் துண்டுத்தாள் பர்ஸுக்குள் மடித்து வைக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும்: மருந்தின் பெயர், 72 மணி நேரம், கிடைக்கும் கடைகள், காப்பர் டி பொருத்தும் நிலையம், 104. படமோ முழக்கமோ தேவையில்லை.

மாத்திரை தவறிப்போய்க் கருத்தரித்தால் என்ன வழி என்ற கேள்வியும் வரும். 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்ட பிறகு, கருத்தடை பயனளிக்காமல் உண்டான கர்ப்பத்தை 20 வாரம் வரை பதிவு பெற்ற ஒரு மருத்துவரின் கருத்தோடு கலைக்கலாம். இதில் திருமணமான பெண் என்ற கட்டுப்பாடு இல்லை. திருமணமாகாதவர்களை வேறுபடுத்தக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். மத்திய சுகாதாரத் துறையின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி அவசர கருத்தடையும் அந்தச் சிகிச்சையில் சேரும். காவல் நிலையத்துக்குப் போய்விட்டு வா என்று திருப்பி அனுப்ப மருத்துவமனைக்கு அதிகாரமில்லை. பெண்கள் உதவி எண் 181. பெண்ணுக்கு 18 வயது நிறையவில்லை என்றால் மருத்துவமனை காவல் துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டியிருக்கும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பயத்தால் சிகிச்சைக்கான மணி நேரங்களை இழந்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கடைப் பட்டியலை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் சரிபார்க்க வேண்டும். இருப்பு தீர்ந்திருக்கும், மருந்தாளுநர் மாறியிருப்பார், சுகாதார நிலையத்தில் காப்பர் டி பொருத்தத் தெரிந்த செவிலியர் இடம் மாறிப் போயிருப்பார். இந்தச் சரிபார்ப்புக்குக் குழுவில் ஒருவரைப் பொறுப்பாக்கி, மாறிய விவரங்களோடு புதிய துண்டுத்தாளை அடுத்த கூட்டத்திலேயே கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.